பிளாமென் போட்ட நானூற்றாறு ஒப்புதல்கள்

ரூசே நகரத்தில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது வெசெலினாவின் அலுவலகம். ஐந்து மேஜைகள். நான்கில் தூசி. ஐந்தாவதில் இருபத்தோரு வருடங்களாக அவள் உட்கார்ந்திருந்தாள். வயது ஐம்பத்து நான்கு. கிராமங்களுக்குப் போகும் மருத்துவ வண்டி எந்த ஊருக்கு எப்போது வருகிறது என்பதை அங்கிருக்கும் வயதானவர்களின் கைபேசிக்கு முந்தின நாளே சொல்லிவிடும் மென்பொருள் அவள் பொறுப்பு. அந்தச் செய்தி வராவிட்டால் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள். வண்டி வந்து, யாரும் இல்லை என்று திரும்பிவிடும்.

மற்ற நால்வரும் ஒவ்வொருவராகப் போனார்கள். இருவர் தலைநகர் சோஃபியாவுக்கு. ஒருத்தன் தேனீ வளர்க்க. கடைசியாக பிளாமென், ஜெர்மனியில் லைப்சிக்குக்கு. அவன் போனதில்தான் சிக்கல். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ‘சரி’ என்று ஒப்புதல் தராமல் அது வேலைக்குப் போகக்கூடாது என்று விதி வைத்தவன் அவன். வாய் வார்த்தையாக வைக்கவில்லை, கணினியிலேயே பூட்டுப் போட்டு வைத்திருந்தான். தான் எழுதியதற்குத் தானே ஒப்புதல் தர முடியாது.

முதலாளி டோபிரின் சோஃபியாவில் இருந்தார், அவளைவிட எட்டு வயது இளையவர். இன்னொரு ஆள் வேண்டும் என்று அவருக்கு மூன்று முறை எழுதினாள். “பாக்கலாம் அக்கா” என்று மூன்று முறை பதில் வந்தது. பிறகு ஒரு நாள் பிளாமெனின் மேஜையைத் துடைக்கும்போது விசைப்பலகைக்கு அடியில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அவனுடைய கடவுச்சொல். ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவன் சாவியை அங்கே வைத்திருந்தான்.

ஆரம்பத்தில் ஒழுங்காகவே செய்தாள். காலையில் எழுதுவாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவன் கணக்கில் நுழைந்து, புதிதாகப் படிப்பது போலப் படிப்பாள். அவன் தன்னைக் கூப்பிடும் செல்லப் பெயரைப் போட்டு, அவனைப் போலவே குறிப்பும் எழுதுவாள்: ‘வெஸ்கா, இது என்ன பெயர்? ஆறு மாதம் கழித்து உனக்கே புரியாது.’ தன் மேஜைக்குத் திரும்பிப் பெயரை மாற்றுவாள். ‘மாற்றிவிட்டேன், மகாராஜா’ என்று பதிலும் எழுதுவாள். பிப்ரவரியில் அவள் பிறந்தநாள் வந்தது. பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் இனிப்புக் கொடுக்க வேண்டும். ஒரு பெட்டி சாக்லேட் வாங்கினாள், கீழே பல் மருத்துவமனைப் பெண்ணுக்கு இரண்டு கொடுத்தாள், மிச்சத்தை பிளாமெனின் மேஜையில் வைத்தாள். ஈஸ்டர் வரை அது அங்கேயே இருந்து வெள்ளை பூத்துப் போயிற்று.

இரண்டாவது வருடத்தில் குறிப்புகள் குறைந்தன. பிறகு வெறும் ‘சரி’. பிறகு படிக்காமலே ‘சரி’.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, செய்தியில் அவரவர் பெயரும் வரும்படி ஒரு மாற்றம் செய்தாள். சோதித்துப் பார்ப்பதற்காக, எல்லாச் செய்திகளும் தன் எண்ணுக்கே வரட்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். வேலை முடிந்ததும் எடுக்க வேண்டிய வரி. மாலை ஆறு மணிக்கு, கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபடியே பிளாமெனாகி ‘சரி’ அழுத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கைப்பைக்குள் கைபேசி நடுங்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை கூப்பிடுவதைத் தவிர அதற்கு வேலையே கிடையாது. ‘மதிப்பிற்குரிய ஸ்பாஸ்கா, நாளை காலை பத்து மணிக்கு மருத்துவ வண்டி உங்கள் ஊருக்கு வரும்.’ அடுத்தது த்ஸோன்கோவுக்கு. அடுத்தது இன்னொருவருக்கு. பதினான்காவது செய்தியில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது.

அந்த வரியை நீக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி ஓட்டினால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. பிளாமெனின் நாற்காலியில் உட்கார்ந்து, ‘சரி’க்கு மேல் சுட்டியைக் கொண்டுபோனாள். நேற்றுப் பார்க்கத் தவறிய அதே கண்கள்தான் இன்றும் பார்க்கின்றன என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டு லைப்சிக்குக்குக் கூப்பிட்டாள். ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லை.

“வெஸ்கா? யாராவது செத்துட்டாங்களா?”

“இன்னும் இல்ல. நேத்து நீ ஒரு தப்புக்கு சரி போட்டுட்ட.”

“நானா? நான் இங்க பல்லு தேச்சிட்டிருக்கேன்.”

சொன்னாள். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் நின்றது.

“ரெண்டு வருஷமா என் பேர்ல நீயே சரி போட்டுக்கிட்டியா? எத்தனை தடவை?”

“நானூத்தி ஆறு.”

“எல்லாத்துக்குமா சரின்னேன்?”

“மொதல்ல நிறைய நொட்டை சொன்ன. அப்புறம் சோம்பேறியாயிட்ட.”

“அப்ப அது நானேதான்” என்றான். “அந்தப் பாஸ்வேர்டு இன்னும் அதேதானா? இரு, நானே உள்ள வரேன்.”

வந்தான். திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழுந்தது. அவள் தன் மேஜைக்குத் திரும்பி, அங்கிருந்தபடி அதைப் பார்த்தாள்.

“வரியை எடுத்தது சரி. ஆனா இப்ப ஓட்டினா ஒருத்தருக்கும் போகாது, வெஸ்கா.”

“ஏன் போகாது?”

“முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கும் ‘அனுப்பியாச்சு’ன்னு குறி விழுந்திருக்கும்ல? அது உன் போனுக்கு வந்ததுன்னு ப்ரோகிராமுக்குத் தெரியுமா?”

ஒருவருக்கே இரண்டு முறை போகக்கூடாது என்று பதினோரு வருடத்துக்கு முன் அந்தக் குறியை வைத்ததே அவள்தான். குறிகளை நீக்கினாள். அவன் படித்தான். பத்து மணிக்குச் செய்திகள் போயின, அவரவர்க்கு.

“பஸ் வந்துடுச்சு. பேசலாம்” என்று வைத்துவிட்டான். பச்சைப் புள்ளி அணைந்தது.

திங்கட்கிழமைக்கு அடுத்த மாற்றம் காத்திருந்தது. மறுபடியும் அந்த விசைப்பலகையைத் தூக்க வேண்டும். மத்தியானம் டோபிரினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அக்கா, இது தெரிஞ்சா கிளையன்ட் என்னைத் தோல உரிச்சுடுவான். உன்னை வேலைய விட்டு அனுப்பினாலும் யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க.”

“அனுப்பிட்டு யாரை வெச்சு ஓட்டுவ?”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“மூணு தடவை எழுதினேன். நீயும் படிக்காமலே ‘பாக்கலாம்’னுட்ட.”

அன்று மாலையே பிளாமெனின் கணக்கை மூடினார்கள். ஆள் கிடைக்கும்வரை நானே படிக்கிறேன் என்றார் டோபிரின். அவர் நிரல் எழுதிப் பத்து வருடம் ஆகியிருந்தது. வெசெலினா மஞ்சள் சீட்டைக் கிழித்துப் போட்டாள். லைப்சிக்கிலிருந்து அதன் பிறகு அழைப்பு வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை எழுதியது வெள்ளிக்கிழமை வரை ‘ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது’ என்றே கிடந்தது. வெள்ளி மத்தியானம் டோபிரினிடமிருந்து ஒரு கேள்வி: ‘நாற்பதாவது வரி எதற்கு அக்கா?’

இதுகூடத் தெரியாதா என்று எரிச்சல் வந்தது. விளக்கம் எழுதத் தொடங்கி நான்காவது வாக்கியத்தில் நின்றாள். அந்த வரி எதற்கும் இல்லை. எழுதியதை அழித்தாள், நாற்பதாவது வரியையும் அழித்தாள். ‘எதற்கும் இல்லை. எடுத்துவிட்டேன்’ என்று பதில் அனுப்பிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.