உறைக்குள் வெறுந்தாள்

பிச்சம்மாள் குத்துக்கல்வலசைக்காரி. சாரல் தொடங்கியதும் ஐந்தருவிக்குப் போய் மிளகாய் பஜ்ஜிக் கடை போடுவாள். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் நிற்கும் இடம் அவளுடையது. புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்க அவளுக்கு இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

1957ஆம் வருஷம் அங்கே வேறொருவன் அடுப்பு மூட்டியிருந்தான். கடைகளுக்கு இடம் ஒதுக்கும் ஆபீஸில் ஆவுடைநாயகம் குமாஸ்தா; இவன் அவருடைய மைத்துனன். பிச்சம்மாள் போய்க் கேட்டதற்கு, அவள் மனு வரவேயில்லை என்றார் குமாஸ்தா. அவர் கையிலேயே கொடுத்த மனு அது. அவளுக்கு உச்சி கொதித்தது.

தென்காசித் தபாலாபீஸில் விசாரித்தாள். ரிஜிஸ்டர் தபாலோடு ஓர் அட்டையும் சேர்த்து அனுப்பினால், வாங்கியவர் கையெழுத்தோடு அட்டை அனுப்பியவருக்கே திரும்பிவரும் என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டாள். மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டாள். பதில் வரவில்லை, அட்டைகள் மட்டும் வந்தன. எல்லாவற்றிலும் ஆவுடைநாயகத்தின் கையெழுத்து, வால் நீண்ட பல்லி மாதிரி. அவற்றைக் கம்பியில் குத்தி அடுப்படியில் தொங்கவிட்டாள். குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து வைவாள். பெண்பிள்ளைகளுக்கு அந்த வசவு மனப்பாடம்.

அடுத்த சீசனுக்கு முன் கம்பியோடு ஆபீஸுக்குப் போனாள். ஆவுடைநாயகம் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கவரு வந்துது, வாங்குனேன். இல்லைங்கல. உள்ள வெறுந்தாளுல்லா இருந்துது. அதுக்கு நான் என்னன்னு பதில் போட?"

பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். பஸ் ஏறக்கூடத் தோன்றாமல் நடந்தே வீடு வந்தாள். இல்லாதவள் எழுதினால் வெறுந்தாள், ஆபீஸ்காரர் வாயால் சொன்னால் சாசனம். யாருக்குத்தான் வயிறு எரியாது?

வந்த வேகத்தில் விளக்குமாற்றிலிருந்து சில குச்சிகளை உருவி ஒடித்தாள். புது மனு ஒன்றை எழுதி, அதைக் குச்சிகள்மேல் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டி, உறைக்குள் திணித்து அனுப்பினாள். அட்டை வந்தது. அதே பல்லி.

சாரல் விழுந்ததும் மைத்துனன் மறுபடியும் கடை போட்டான். எதிரே தரையில் உட்கார்ந்து பிச்சம்மாள் வேர்க்கடலை விற்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் கடைக்கு வந்த ஆவுடைநாயகம் அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, கவர்மெண்டு ஆபீஸுக்கு வெளக்குமாத்துக் குச்சியா அனுப்புத?"

குளிக்க வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிச்சம்மாள் எழுந்தாள்.

"குச்சி வந்துட்டு, அண்ணாச்சி. அதைச் சுத்திக் கட்டியிருந்த மனு வரலையோ? இல்ல, முந்தி சொன்ன மாதிரி அதுவும் வெறுந்தாளுதானோ? அவுக்காம குச்சிய எப்படிப் பாத்திய?"

ஈரத்துண்டோடு நின்ற ஒருவர், "சொல்லும் வேய், வெறுந்தாள்ல குச்சியா முளைச்சுது?" என்றார். கூட்டம் சிரித்தது. ஆவுடைநாயகம் குரலை இறக்கி, நாளைக்கு ஆபீஸுக்கு வா, பார்க்கலாம் என்றார். வரமுடியாது என்றாள் அவள். மைத்துனனின் பெஞ்சை இழுத்து ஓரமாகப் போட்டாள். அவன் குமாஸ்தாவைப் பார்த்தான்; குமாஸ்தா அருவியைப் பார்த்தார். தன் அடுப்பை எடுத்துவர மூத்தவளை விரட்டிவிட்டு, அது வந்துசேரும்வரை பிச்சம்மாள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.