குதிகாலுக்கு ஒரு சும்மாடு

வண்டி துடைக்க என்று வீட்டுக்காரர் நேற்று ஒரு பை பனியன் வேஸ்ட் வாங்கி வந்து போட்டார். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் வெளியூர் என்றால் தெரிந்துகொள்ளுங்கள். பனியன் வெட்டும்போது கழுத்திலும் கையிலும் மிச்சமாய் விழுகிற துண்டுத் துணிதான் வேஸ்ட். எங்கள் ஊரில் அடுப்படிக்கும் அதுதான், மெக்கானிக் கடைக்கும் அதுதான். பையை அவிழ்த்ததும் புதுத்துணி வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தது. மஞ்சளாய் நீளமாய் ஒரு துண்டு கையில் வந்தது. வண்டியைத் துடைக்காமல் கை அதுபாட்டுக்கு அதை முறுக்க ஆரம்பித்துவிட்டது. முறுக்கி, வளையமாய்ச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி, தலையில் குடம் வைக்கச் சும்மாடு செய்வோமே, அந்த மாதிரி.

"தொடைக்கச் சொன்னா அங்க என்ன பண்ணீட்டு இருக்கற?" என்றார். என் கையைப் பார்த்ததும் அவரே ஒரு துண்டை எடுத்து வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

பல வருஷத்துக்கு முந்திய கதை. எங்கள் மகள் தர்ஷினி அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில், சாயப்பட்டறையிலிருந்து வந்த லோடு ஆட்டோவில் கயிறு அறுந்து ஈரத்துணி மூட்டை அவள் மேல் சரிந்தது. ஈரத்துணி என்ன கனம் கனக்கும் என்பது தூக்கினவர்களுக்குத் தெரியும். தொடை எலும்பு முறிந்துவிட்டது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு, பீஸில் அளவு சரியா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, ஆகாததை ஒதுக்குகிற வேலை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு கூடிரும்மா. ஆனா ஒரு கால் குட்டையாகலாம். வளர்ற பிள்ளை, இப்பவே எதுவும் சொல்ல முடியாது" என்றார். என் பிள்ளையை ஒதுக்குகிற பக்கம் எடுத்துப் போட்டுவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. எட்டாவது வரை படித்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, காலில் கட்டுப் போட்டு, அதிலிருந்து ஒரு கயிறு ஓடி உருளை மேல் ஏறி அந்தப் பக்கம் எடைக்கல்லோடு தொங்கும். எலும்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இழுத்துப் பிடிக்கவாம். "அம்மா, இது கெணத்து உருளையா? என்னைய உள்ள எறக்கறாங்களா?" என்று கேட்டாள். "இல்ல கண்ணு, மேல இழுக்கறாங்க" என்றேன். சொன்னேனே ஒழிய, என் மனசு கிணற்றுக்குள்தான் கிடந்தது.

அந்த உருளையை வைத்து நான் செய்த கூத்தைக் கேளுங்கள். மாரியம்மன் கோயில் திருநீற்றை மஞ்சள் துணியில் முடிந்து, பலன் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று நேராக எடைக்கல்லிலேயே கட்டிவிட்டேன். வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டார். கண்டிப்பான மனுஷி, சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. "ஏம்மா, டாக்டர் கணக்குப் போட்டுத் தொங்க விட்டிருக்காரு. நீங்க சாமியையும் சேத்துத் தொங்கவிட்டா கால் நீண்டுடப் போகுது" என்று அவிழ்த்தார். எங்கே குப்பையில் போட்டுவிடுவாரோ என்று பதறினேன். அந்த அம்மாவோ கழுத்தில் சிலுவை போட்டவர், முடிச்சைப் பத்திரமாகப் பிள்ளையின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் டேப் விஷயத்தில் அவர் என்னை விடவில்லை. பழக்க தோஷம், தினமும் யாரும் பார்க்காதபோது பிள்ளையின் இரண்டு காலையும் அளந்துகொண்டே இருப்பேன். ஒருநாள் சரியாக இருக்கும், மறுநாள் குறைகிற மாதிரி தெரியும். குறைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. சிஸ்டர் ஒருநாள் என் கழுத்திலிருந்து டேப்பை உருவி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "இது பீஸ் இல்லம்மா, பிள்ளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்றுதான் ஓவென்று அழுகை வந்தது. அது வரைக்கும் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இனி ஆயாவுக்கு வருகிறேன். வார்டில் பெட்பேன் எடுப்பது, பிள்ளைகளைத் துடைத்துவிடுவது, கூட்டிக் கழுவுவது எல்லாம் அவர்தான். தேனிப் பக்கத்துக்காரர். நாங்கள் எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுவது அவருக்கு வேடிக்கை.

"ஏனுங்க ஆயா, சித்தெ இங்க வாங்க."

"பேண்டத அள்ளுறவளுக்கும் 'ங்க'வா? ஏத்தா, ஒங்க ஊர்ல நாய வெரட்டுறதுக்கும் 'போங்க'ன்னுதான் சொல்லுவீகளா?"

"சொல்லுவமுங்க" என்றேன். தர்ஷினி படுத்தபடியே சிரித்தாள். அடிபட்ட பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல். அதற்கப்புறம் ஆயா எங்கள் கட்டிலைத் தாண்டும்போதெல்லாம் "என்னங்க, ஒண்ணுக்கு வருதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

படுத்தே கிடந்ததில் பிள்ளையின் குதிகால் சிவந்துபோனது. முதலில் பார்த்தது ஆயாதான். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "புண்ணாகிருச்சுன்னா எலும்பு வலிய விட அது பெருசாப் போயிரும்த்தா. நீ பனியன் கம்பெனிக்காரிதான? ஒம் புருசன வேஸ்ட்டு கொண்டு வரச் சொல்லு. நல்ல காட்டனா இருக்கணும்" என்றார். வீட்டுக்காரர் ஒரு பை கொண்டுவந்தார். சிஸ்டரிடம் கேட்டு, சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, ஆயா ஒரு சின்னச் சும்மாடு முறுக்கிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். குதி எதிலும் படாமல் அந்த வளையத்துக்கு நடுவில் நின்றது.

"இதெல்லாம் எங்கீங்க பழகுனீங்க?"

"பழகுறதென்ன. செங்கல் செமந்த தலைதானத்தா இது. தலைக்கு வச்சத காலுக்கு வைக்கக் கூடாதா?"

எனக்கும் முறுக்கக் கற்றுக் கொடுத்தார். அவர் முறுக்கினால் கல் மாதிரி நிற்கும். நான் முறுக்கினது ரெண்டு நாளில் தளர்ந்துவிடும். "செக்கிங்ல இத ஒதுக்கிருவாகளே" என்று கேலி செய்வார். அந்த வார்டில் படுத்துக் கிடந்த பிள்ளைகளுக்கெல்லாம் எங்கள் கம்பெனி வேஸ்ட்தான். சிவப்பும் பச்சையுமாய்க் குதிகால்கள். எங்கள் ஊர்த் துணி எந்தெந்த நாட்டுக்கோ போகிறது. அதில் நல்ல பாதி இங்கே தங்கிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. இடுப்பிலிருந்து மாவுக்கட்டு. இவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் வழக்கம்போல ஆயாவிடம், "போயிட்டு வர்றமுங்க" என்றேன். ஆயா சட்டென்று என் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் பினாயில் வாசம்.

"ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு வர்றேங்கிறியே. போறேன்னு சொல்லு. திரும்பிப் பாக்காமப் போ. இந்த வாசப்படிய மறுபடி மிதிக்கக் கூடாது, அதான் நீ எனக்குச் செய்யிற மருவாத."

'போறேன்' என்கிற சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. வெறுமனே கும்பிட்டுவிட்டு நடந்தேன். தோளில் கிடந்த பிள்ளைக்குத்தான் முகம் பின்பக்கம். "போயிட்டு வர்றேனுங்க ஆயா" என்று கத்தினாள். நான் திரும்பவில்லை. ஆயா சிரிக்கிற சத்தம் மட்டும் படி வரைக்கும் கேட்டது.

பெரியவர்கள் வாக்கு சாமி வாக்கு என்று நினைக்கிறவள் நான். கட்டுப் பிரிக்க வெளிநோயாளிப் பக்கம் போனபோதும் வார்டுப் படி ஏறவில்லை. பிள்ளை நடந்தாள். லேசாகச் சாய்வாள், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழா நோம்பியன்று ஆயாவுக்கு ஓர் அர்ச்சனை. பூசாரி பெயர் கேட்பார். ஆயா என்பேன். "அப்ப சாமி பேருக்கே பண்ணீர்லாமுங்க" என்று மணியடிப்பார். வார்டில் எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிட்டோம். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

போன ஆடியில் டவுன் பஸ்ஸில் அந்த சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்துப்போய், ரிட்டயர்டு ஆகி. என்னை அடையாளம் தெரியவில்லை. டேப்பைச் சொன்னதும் தெரிந்தது. "நடக்கிறாளா?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஆயாவைக் கேட்டேன். சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"காண்ட்ராக்ட் மாறுச்சும்மா, பழைய ஆளுங்களை நிறுத்திட்டாங்க. அப்புறம் எங்கயோ வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போயி, நம்ம ஆஸ்பத்திரிக்கேதான் வந்தா. கூட ஆள் இல்ல. நான் அப்ப வேற பக்கம் இருந்தேன். தெரிஞ்சு போய்ப் பாக்கறதுக்குள்ள குதியெல்லாம் புண்ணு. அதுலயே போயிட்டா."

"யாரும் சும்மாடு வைக்கலீங்களா?"

"அதெல்லாம் யாரும்மா இப்ப முறுக்கறாங்க."

ஒரே பஸ் தூரத்தில்தான் நான் இருந்தேன். வாசப்படி மிதிக்கக் கூடாது என்ற வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தேன். பெயர் என்னங்க என்று கேட்டேன். சிஸ்டர் ரொம்ப நேரம் யோசித்தார். ஞாபகம் வருவதற்குள் அவருடைய ஸ்டாப் வந்துவிட்டது.

அமாவாசையன்று மோட்ச விளக்குப் போடக் கோயிலுக்குப் போனேன். இறந்தவர் பெயர் சொல்லுங்கள் என்றார்கள். போன அர்ச்சனைகளுக்குச் சொன்ன மாதிரி சாமி பேருக்கு என்று இதைச் சொல்ல முடியுமா? விளக்கைத் தூக்குப்பையில் வைத்தபடியே திரும்பி வந்துவிட்டேன். சாமி அறை அலமாரியில் இன்னும் ஏற்றாமல்தான் இருக்கிறது.

அந்த வார்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கண்ணாடி வைத்த மாடிக் கட்டடம் நிற்கிறது. டிராயரோடு என் டேப்பும் போயிருக்கும். ஆர்டர் இல்லாமல் எங்கள் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். தர்ஷினி வெளியூரில் வேலையில் இருக்கிறாள். போனில் சொன்னேன். "எந்த ஆயாம்மா? எனக்கு அந்த உருளை மட்டுந்தான் ஞாபகம்" என்றாள். அவளைச் சொல்லி என்ன, சின்னப் பிள்ளை அப்போது.

நேற்று முறுக்கின சும்மாட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். இப்போது வருகிற வேஸ்ட்டெல்லாம் பாலியஸ்டர் கலந்தது, முறுக்கு பிடிப்பதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வழுக்கி, மெதுவாகப் பிரிந்து, பழையபடி வெறும் துண்டாகக் கிடந்தது.