பறக்கும் வீரனின் சிவப்புத் துணி

திருப்பூரில் பெண்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். மழையைப் பானைக்குள் பூட்டி வைத்த வில்லனை, வானத்தில் பறக்கும் வீரன் ஒருவன் வெல்கிற கதை. முதல் இரண்டு ஆண்டும் நாடகத்தில் நான்தான் ராஜா. அதனால் வீரன் வேடமும் எனக்குத்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஆனால் நாடகத்தை நடத்திய தமிழ்ப் பேராசிரியை அந்த வேடத்தைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். அவள் காலையில் கல்லூரி, சாயங்காலம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்று ஓடுகிறவள். வாயைத் திறந்தால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். பேராசிரியை என்னிடம், "உனக்கு வில்லன்தான் கண்ணு பொருத்தம். மீசை வெச்சா அப்படியே இருக்கும்" என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பிழைக்க வந்தவளுக்கு வீரன், உள்ளூர்க்காரிக்கு ஒட்டு மீசையா?

எங்களுடையது சாயப்பட்டறை. வீரனுக்கு வெள்ளை பனியன் துணியில் உடுப்பும், தோளிலிருந்து தொங்கும் சிவப்புத் துணியும் என் பொறுப்பு. துணி சாயத் தொட்டியிலிருந்து வந்ததும் பட்டறை மாஸ்டர், "சாயம் நிக்கறதுக்கு மருந்துல போட்டு அலசிரலாங்களா அம்மிணி? இல்லீன்னா தண்ணி பட்டதும் எறங்கிருமுங்க" என்றார்.

"ஒருநாள் கூத்துக்கு மீசையச் செரைக்கணுங்களா? அப்படியே காயப்போடுங்க" என்றேன்.

கடைசிக் காட்சியில் மழை உண்டு. பக்கத்துத் திரைக்குப் பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நின்று இரண்டு பெண்கள் பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். சிவப்பு இறங்கி வெள்ளை உடுப்பெல்லாம் திட்டுத்திட்டாக ஒட்டட்டும், அரங்கமே சிரிக்கட்டும் என்பதுதான் என் கணக்கு.

ஆண்டுவிழா அன்றைக்கு வில்லனான என் அட்டைக் கத்தி பட்டு அவள் விழுந்தாள். பானை உடைந்து மழை பெய்தது. அவளோ சிவப்புத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். வெள்ளை உடுப்பில் நெஞ்சிலிருந்து சிவப்பு மெல்லப் பரவி, மேடைப் பலகையில் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் என் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். மேடையில் கிடந்தவள் கையூன்றி எழுந்தபோது விசில் அடித்தவர்களில் பேராசிரியைகளும் உண்டு.

"அந்தப் புள்ளை நெசமாவே செத்துப்போச்சுன்னு நெனச்சுட்டேன் கண்ணு" என்றாள் அம்மா, நாடகம் முடிந்ததும்.

"நானுங்கம்மா?"

"உன்ற மீசை நல்லா இருந்துச்சு."

கல்லூரிக் குழாயடியில் வீரனாக நடித்தவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு போகவில்லை. என்னைப் பார்த்ததும் சொம்பை நீட்டினாள். "முதுகுல ஊத்துட்டி. துணியப் போட்டதுமே சாயம் தோள்ல ஒட்டிட்டு. சாயப்பட்டறைக்காரிக்குத் தெரியாம சாயம் போவுமா? நீ வேணும்னே செஞ்சிருக்கன்னு அப்பமே தெரியும். அதான் மழை வரட்டும்னு காத்துக் கிடந்தேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அவள் இடத்தில் இருந்தால் துணியை அணைத்துக்கொண்டு அப்படி விழ எனக்குத் தோன்றியிருக்குமா என்றுதான் யோசித்தேன். தோன்றியிருக்காது. அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.