கதவு நிலையில் நாலடி பத்தங்குலம்

எது என்றைக்கு நடந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பாடசாலை நாட்களிலிருந்தே உண்டு. தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் எப்போது வந்தது, அண்ணன் எந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வராமல் இருந்தான் என்றெல்லாம் வாக்குவாதம் வந்தால் தீர்ப்பு என்னிடம்தான் வரும். ஆகவே தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரிய அரசாங்க வர்த்தமானி ஒரு வெள்ளிக்கிழமை வெளிவந்தது என்பதையும், அதைத் தலவாக்கலை நூலகத்தில் நான் படித்தது அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை என்பதையும் உறுதியாகச் சொல்வேன். அம்மா இன்றைக்கும் அது தைப்பொங்கல் வாரம் என்பார். இல்லை. பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

நர்ஸ் ஆக வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் மூன்று வருடம் முந்தியது. அம்மா கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணையாக இருந்தேன். அந்த வார்டில் பாதிப் பேர் தோட்டத்துப் பெண்கள். எங்கே வலிக்கிறது என்று சிங்களத்தில் சொல்ல அவர்களுக்கு வராது. எனக்குச் சந்தைச் சிங்களம் நன்றாக வரும். கட்டில் கட்டிலாகப் போய் நர்ஸ்கள் கேட்டதை இவர்களிடமும், இவர்கள் சொன்னதை நர்ஸ்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள், நான் உள்ளே நுழைந்ததும் "எங்க நர்ஸம்மா வந்துட்டாங்க" என்று ஒரு குரல். அவர்கள் விளையாட்டுக்குச் சொன்னார்கள். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்தது, முதல் தடவை சறுக்கியும் இரண்டாம் தடவை உட்கார்ந்து எழுதியது எல்லாம் அந்தக் குரலுக்குப் பிறகுதான்.

வர்த்தமானியில் கேட்டிருந்த தகுதிகளை வீட்டில் ஒவ்வொன்றாக வாசித்தேன். உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவில் சித்தி, இருக்கிறது. வயது, சரி. திருமணமாகாதவர், அதுவும் சரி. அடுத்தது, உயரம் நாலடி பத்தங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதோடு வாசிப்பு நின்றது.

"என்னாடி அது, பொலிசுக்கா ஆள் எடுக்கிறாங்க?" என்றான் அண்ணன். அவன் தலவாக்கலையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. வீட்டிலேயே அவன்தான் உயரம், அந்தத் திமிர் எப்போதும் உண்டு. "இல்ல, அதுவும் நியாயந்தான். சேலைன் போத்தல மாட்டணும்ல? கொக்கி எட்டலன்னா நோயாளியையா எந்திரிச்சு மாட்டச் சொல்லுவே?"

அடுத்த வீட்டுக் காம்பராவில் தச்சுவேலை பாஸ் இருந்தார். அப்பா அவரை அழைத்துவந்தார். பாஸ் மடக்கு அடிக்கோலை விரித்து, எங்கள் வாசல் நிலையில் நாலடி பத்தங்குலத்துக்கு நேராக ஒரு பென்சில் கோடு இழுத்தார். அதன் கீழே என்னை நிறுத்தி, உச்சந்தலையில் ஒரு கொப்பி மட்டையை வைத்துப் பார்த்தார்.

"தலையத் தூக்கு," என்றார் அம்மா.

தூக்கினேன்.

"இன்னும் தூக்குடி," என்றான் அண்ணன்.

"ரெண்டு நூல் கம்மி," என்றார் பாஸ். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம்.

"ரெண்டு நூல்தானே பாஸ்?" என்றார் அப்பா. அவர் தேயிலை பெக்டரியில் இயந்திரங்களோடு வேலை செய்பவர். எதையும் முடுக்கிச் சரிசெய்துவிடலாம் என்று நம்புவார். "ஏதாவது பண்ண முடியாதா?"

"கதவுன்னா கூடினதச் சீவலாம். குறைஞ்சா ஒரு ரீப்பை வச்சு ஒட்டலாம். புள்ளயில எங்கண்ணே ஒட்டுறது?"

இருந்தாலும் விண்ணப்பத்தைப் போடச் சொன்னார் அப்பா. "அளக்கிறப்ப பாத்துக்கலாம். அதுக்குள்ள வளந்தாலும் வளருவா." இருபத்தொரு வயதில் வளரமாட்டார்கள் என்பது உயிரியல் படித்த எனக்குத் தெரியும். ஆனாலும் விண்ணப்பத்தை நிரப்பினேன். வட்டகொடைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் என் உயரத்துக்கு ஒரு நிர்வாகம் நடந்தது. அம்மா போட்ட முதல் சட்டம், நான் தலையில் பாரம் தூக்கக் கூடாது. இருபது வருடம் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்து சுமந்தவர் அவர். பாரம் ஆளை அமுக்கிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, கோதுமை மா மூட்டை எல்லாம் அண்ணன் தலைக்குப் போயின.

"நான் குள்ளமானா பரவாயில்லயா?" என்று கேட்டான்.

"நீ என்னா நர்ஸாவா போகப்போறே?" என்றார் அம்மா.

இரண்டாவது சட்டம் அப்பாவுடையது. காலையும் மாலையும் முன் திண்ணையான இஸ்தோப்பின் கூரைக் குறுக்கு மரத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும். லயத்தில் முன் இஸ்தோப்பு என்பது பொதுவழி மாதிரி. போகிறவர்கள் எல்லாரும் நின்று விசாரித்தார்கள். "என்னா புள்ள, காய வச்சிருக்காங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனது ஒரு வாரம் அண்ணனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கோட்டுக்குக் கீழே நின்றேன். சில வாரம் ஒரு நூல் குறையும், சில வாரம் இரண்டு. ஒரு சனிக்கிழமை மூன்று நூல் குறைந்துவிட்டது. அன்றைக்குத்தான் நான் மிகவும் முயன்றிருந்தேன். கழுத்து நரம்பு புடைக்க, முகட்டுத் தகரம் கண்ணில் படும் வரை தலையைத் தூக்கி நின்றேன். அன்று சாப்பாட்டின்போது அம்மா என் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தார். நாடகம் பார்க்க மறுநாள் தலவாக்கலைக்குப் போகலாமா என்று அண்ணன் கேட்டான். அவன் என்னிடம் அப்படிப் பணிவாகப் பேசியதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நேர்முகத் தேர்வுக்கு ஓகஸ்டில் அழைப்பு வந்தது. கொழும்பில், காலை நேரம். இதற்கிடையில் நூலகத்துச் சஞ்சிகை ஒன்றில் நான் ஒரு நல்ல செய்தியைப் படித்திருந்தேன். மனிதர் காலையில் எழும்போது சற்று உயரமாக இருப்பாராம். நிற்க நிற்க, முதுகெலும்பின் இடையில் உள்ள மெத்தைகள் அமுங்கி மாலைக்குள் குறைந்துவிடுவாராம். சொன்னதுதான் தாமதம், அம்மா முடிவெடுத்துவிட்டார். "அப்ப நீ படுத்துக்கிட்டே கொழும்புக்குப் போற."

முதல் நாளே புறப்பட்டோம். அன்று இரவு வத்தளையில் சித்தப்பா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வட்டகொடையில் ரயில் ஏறியதும் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, என் தலையை மடியில் வைத்து, மிச்ச இருக்கை முழுவதிலும் என்னை நீட்டிப் படுக்கவைத்தார். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தபோது பிள்ளைகள் ஊளையிட்டார்கள். நான் அதையும் படுத்தபடியே கேட்டேன்.

ஹட்டனில் ஏறிய ஒரு சிங்கள அம்மா எதிரே உட்கார்ந்து என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பவ்! லமயாட அசனீபத?"

பாவம், பிள்ளைக்குச் சுகமில்லையா என்று கேட்கிறார். இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் குற்ற உணர்வில் அம்மா "ஒவ், ஒவ்" என்று தலையாட்டிவிட்டார். உடனே ஒரு தோடம்பழம் வந்தது. நாவலப்பிட்டியில் நெற்றிக்குத் தைலம் வந்தது. கம்பளை தாண்டியதும், கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கா போகிறீர்கள் என்று அவர் கேட்டார். அம்மாவுக்குப் பொய்யை மேலும் நீட்ட மனம் வரவில்லை. நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு தோடம்பழத் தோலைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். இப்படி ஒருத்தியிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிவரும் நாட்டை நினைத்து அவர் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஓட்டோவிலும் சரிந்தே போனேன். அவ்வளவு பாதுகாத்துக் கொண்டுபோன உயரம், நேர்முகத் தேர்வு நடந்த கட்டடத்தின் நடையில் வரிசையில் நின்றே கரைந்தது. உட்கார இடமில்லை. நடுவில் ஒருமுறை சுவரோரம் குந்தினேன். எழும்பி நிற்கும்படி ஒரு காவலாளி சைகை காட்டினார். சான்றிதழ்களைப் பார்க்கும் மேசையைத் தாண்டும்போதே வெயில் நன்றாக ஏறிவிட்டது. அடுத்த அறையில்தான் அளவு.

சுவரில் பொருத்திய அளவுகோல், அதில் ஏறி இறங்கும் ஒரு மரத்துண்டு. அளந்தவர் வெள்ளைச் சீருடையில் ஒரு மூத்த நர்ஸ். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அம்மா காலையில் உச்சியை ஒட்டி மிகுந்த திட்டத்தோடு போட்டுவிட்டிருந்த கொண்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். சிரிக்காமல் அதையும் அவிழ்க்கச் சொன்னார். நான் கோலில் ஒட்டி நின்று, மாதக்கணக்காகப் பயின்றபடி தலையைத் தூக்கினேன். மரத்துண்டு வந்து உட்கார்ந்தது.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "போதாது போல இருக்கே" என்று சிங்களத்தில் சொன்னார். சிங்களம் தெரியாமலே இருந்திருக்கலாமே என்று என் வாழ்க்கையில் நான் நினைத்த ஒரே தருணம் அது.

நர்ஸ் மரத்துண்டை மேலே தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு விரலை என் தாடையில் வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"இஸ்ஸரஹ பலன்ன, துவ."

முன்னால் பார், மகளே. பார்த்தேன். எதிர்ச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. ஓகஸ்ட் பாதி முடிந்துவிட்டது, அது இன்னும் ஜூலையைக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் வந்துபோகும் அறையில் ஒரு தாளைக் கிழிக்க ஒருவருக்கும் கை வரவில்லையா? வேறு நேரமாக இருந்தால் நானே போய்க் கிழித்திருப்பேன். அந்த எரிச்சலில் கழுத்தை நான் மறந்தே போனேன். மரத்துண்டு மறுபடி இறங்கி, தலையில் பட்டது.

"நாலு பத்து. கொஞ்சம் கூட," என்றார் நர்ஸ். "ஹரி." சரியாம்.

எழுதுகிறவர் எழுதினார். நான் சப்பாத்தை மாட்டும்போது அந்த நர்ஸ் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இது: உயரமாகத் தெரிய வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் தாடையைத் தூக்குகிறார்கள். தாடை மேலே போனால் உச்சி பின்னால் சரிந்து இறங்கிவிடும். நேராகப் பார்த்தால் உள்ளது உள்ளபடி வரும்.

அம்மா வெளியே மாமரத்தடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "என்னா சொன்னாங்க?"

"தலைய இறக்கச் சொன்னாங்க."

"இறக்கவா? ஐயோ!"

நடந்ததை நான் சொல்லச் சொல்ல, அவர் என் அவிழ்ந்த கொண்டையை மறுபடி முடிந்தார். பிறகு, "அப்ப ஏழு மாசமா நாங்கதான் ஒன்னயக் குட்டையாக்கிக்கிட்டு இருந்தமா?" என்றார். திரும்பி வரும் ரயிலில் இடம் கிடைக்கவில்லை. ஹட்டன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். இருவருக்கும் கால் வலித்தது. இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

தெரிவுக் கடிதம் ஒரு போயா பௌர்ணமிக்கு முந்திய நாள் வந்தது. கூடவே, விடுதிக்குக் கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியல். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் கட்டில் விரிப்பு, வாளி, குடை, கொசுவுக்கு நுளம்பு வலை. கல்லூரி இருந்தது வெயில் ஊரில். எங்கள் லயத்தில் குளிருக்கு நுளம்பே வராது. வலை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது. ஹட்டனில் வாங்கிவந்த அன்றே அப்பா நான்கு மூலையிலும் ஆணி அடித்துக் கட்டிப் பார்த்தார். நான் உள்ளே உட்கார்ந்தேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து பார்த்தார்கள்.

"ஊருக்கெல்லாம் சொல்லாம கல்யாணமா?" என்றார் தச்சுவேலை பாஸ்.

"பொண்ணு உள்ள இருக்கு. மாப்பிள்ளைதான் நுளம்பு," என்றான் அண்ணன்.

நானோ வேறு கவலையில் இருந்தேன். சந்தைச் சிங்களம் பேசத்தான் போதும், எழுத உதவாது. பாடமோ ஆங்கிலத்தில். சேர்வதற்கு முன் கிடைத்த இரண்டு மாதமும் பகலில் சிங்களப் பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். எலும்புகளின் ஆங்கிலப் பெயர்களை அண்ணனைத் தொட்டுத் தொட்டு மனப்பாடம் செய்தேன். அம்மா பெட்டியில் இரண்டு சுவெட்டரை வைப்பார், நான் எடுத்து வெளியே போடுவேன், அவர் மறுபடி வைப்பார். கடைசியில் ஒன்று உள்ளே இருந்தது, ஒன்று வெளியே இருந்தது.

புறப்பட்ட நாள் ஒரு திங்கட்கிழமை. கீழே றோட்டில் ஓட்டோ வந்து நின்று ஹோர்ன் அடித்தது. வாசலைத் தாண்டும்போது எனக்கு ஒன்று தோன்றியது.

"அம்மா, இங்க நில்லுங்க."

"நேரமாச்சு புள்ள."

"ஒரு நிமிசம்."

கோட்டுக்குக் கீழே நின்று அவர் தாடையைத் தூக்கினார். இரண்டு விரலால் அதை இறக்கினேன். "முன்னால பாருங்க." எதிரே மலைதான், அவர் தினமும் ஏறும் மலை. அதைப் பார்த்தார். உச்சியில் கையை வைத்து நிலையோடு ஒப்பிட்டேன். கோட்டுக்கு மேலே வந்தது.

"எவ்வளவு?"

"ஒரு நூல் கூட. என்னயவிட உயரம்மா நீங்க."

"பாத்தியா," என்று அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் ஒரு அப்ளிகேசன் போட்டிருக்கலாம்."

"கலியாணமாகாதவங்களத்தான் கேட்டிருக்காங்க," என்றார் அப்பா.

"அதுதான் என்னயக் கெடுத்துச்சு."

அண்ணன் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் நின்று, அதைத் தன் தலையில் ஏற்றாமல் என் தலைக்கு நேராக நீட்டினான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அளந்தாச்சுல்ல?" என்றார் அம்மா. "இனி தூக்கு."

சும்மாட்டுக்குத் துவாயைச் சுருட்டி அவரே என் தலையில் வைத்தார். பெட்டி நல்ல கனம். அந்த ஒரு சுவெட்டரும் சேர்ந்த கனம். நேராக முன்னால் பார்த்துக்கொண்டு படி இறங்கினேன்.