சைக்கிளை விட்டு இறங்காத சுருளிவேல்

சுருளிவேலுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பத்து வயதில் தாய் தகப்பனோடு போடிமெட்டு ஏறி, தேவிகுளத்துக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தான். கூட வந்தவர்களெல்லாம் கொழுந்துக் காட்டுக்குப் போக, இவன் எண்ணெய் வாசனை பிடித்துப்போய் ஃபேக்டரிக்குள் நுழைந்துவிட்டான். இருபத்தெட்டு வயதில் அவன்தான் அங்கே ஃபிட்டர். இலை உருட்டும் மெஷின் மக்கர் செய்தால் எல்லோரும் அவனைத்தான் தேடுவார்கள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. எஸ்டேட்டை நடத்தும் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும், ரோட்டை விட்டு இறங்கி ஓரத்து வாய்க்காலில் நின்று சலாம் வைக்க வேண்டும். கொட்டுகிற மழையானாலும் குடை மடங்கியாக வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற இடத்தில் இப்படி ஒரு சட்டத்தைப் போட்ட மகராசன் ஒரு நாளாவது நனைந்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம். துரை பதிலுக்குச் சாட்டை பிடித்த கையில் ஒற்றை விரலைத் தூக்குவார். அதுவே பெரிய மரியாதை.

1927இல் ஃபேக்டரி மெஷினைச் சுழற்றும் தோல்பட்டை வாங்கிவர சுருளிவேலைப் பாலக்காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே மம்மது ராவுத்தர் என்பவர் கடையில் ஒரு பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்தவன் பட்டையை மறந்தான். சேர்த்து வைத்திருந்த பணமெல்லாம் அதோடு போயிற்று.

"ஏனுங்க, மலைக்கா கொண்டு போறீங்க?" என்று ராவுத்தர் சிரித்தார். "ஏறறப்பத் தள்ளோணும், இறங்கறப்ப இழுத்துப் பிடிக்கோணும். ஓட்டறது எப்பங்க?"

அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று சுருளிவேல், வாங்கிய பட்டைச் சுருளைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினான். நல்லேப்பிள்ளி வயல்களைத் தாண்டினான். பொள்ளாச்சி, உடுமலை தாண்டினான். சின்னாற்றுக் காட்டுக்குள் நுழைந்தான். அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வண்டி இல்லை, ஒரு மனிதன் இல்லை. மூங்கில் உரசுகிற சத்தமும் சக்கரத்தின் சத்தமும்தான். பாதி தூரம் தள்ளினான் என்பது உண்மை. ஆனால் அவனை வா என்றும் போ என்றும் யாரும் சொல்லாமல் ஒரு முழுப் பகல் கழிந்தது பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான். மறையூர் வழியாக நான்காம் நாள் எஸ்டேட்டுக்கு வந்தபோது அவன் முகமே மாறியிருந்தது என்று அவன் பெண்டாட்டி குருவம்மாள் சொன்னாள்.

எஸ்டேட் ரோட்டில் சைக்கிளுக்கும் வழக்கம் உடனே தயாராகிவிட்டது. துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். தலைமைக் கங்காணி சங்கையா அதைச் சொல்லிவிட்டு, தனக்கும் இறங்கினால் தப்பில்லை என்று சேர்த்துக்கொண்டார். ஒரு மாதம் சுருளிவேல் இறங்கினான். எல்லோரையும் போல அவனும் இறங்குகிறவன்தான்.

ஒரு நாள் காலை, ஐந்தடி தள்ளி நிற்பவன் தெரியாத மூடுபனி. மலையைச் சுற்றி வரும் ரோட்டில் கொழுந்துக்காரிகள் நாற்பது பேர் போய்க்கொண்டிருந்தார்கள். சுருளிவேல் அவர்களுக்குப் பின்னால் மிதித்து வந்தான். வளைவில் குளம்புச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், நாற்பது குடையும் மடங்கின, நாற்பது பேரும் வாய்க்காலில் இறங்கினார்கள். சுருளிவேலும் முழங்கால் சேற்றில் இறங்கி, சைக்கிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் சலாம் வைத்தான். பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது ஒரு பொதி கழுதை. முதுகில் கருவாட்டு மூட்டை. அது ஒரு முறை நின்று எல்லோரையும் பார்த்துவிட்டுப் போயிற்று.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களோடு கொழுந்துக்குப் போன குருவம்மாளும் சிரித்தாள். சுருளிவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கண்ணால் பார்த்துக்கூட அல்ல, வெறும் சத்தத்துக்கே தன் கால் இறங்கிவிட்டதே என்ற அவமானம் அது. இனிமேல் யாருக்கும் இறங்குவதில்லை என்று அந்தச் சேற்றில் நின்றே தீர்மானித்தான்.

மறுநாள் நிஜத் துரை குதிரையில் எதிரே வந்தார். சுருளிவேல் ஓரமாக ஒதுங்கி, இறங்காமல், மிதித்துக்கொண்டே போனான். சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்தது: எஸ்டேட் ரோட்டில் கூலிகள் யாரும் சைக்கிள் ஓட்டக் கூடாது.

"வித்துத் தொலைங்க மச்சான்," என்றாள் குருவம்மாள்.

"ஓட்டத்தான கூடாதுன்னாரு? கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லலியே," என்றான் சுருளிவேல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சைக்கிளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் நடந்தான். பங்களா வாசலில் துரை நின்றார். இரண்டு கையும் சைக்கிளைப் பிடித்திருக்கின்றன. சலாம் வைக்கக் கை ஏது? தலையில் சைக்கிள் இருக்கிறது. துண்டை எப்படி அவிழ்ப்பது? அவன் பாட்டுக்குப் போய்விட்டான். உத்தரவை எழுத்துப் பிசகாமல் மதித்தவன் அந்த எஸ்டேட்டிலேயே அவன் ஒருவன்தான்.

எஸ்டேட் எல்லைக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு பாதை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வந்த பெருவெள்ளம் மலை ரயிலைப் பெயர்த்துக்கொண்டு போய்விட, தண்டவாளம் இல்லாத மண் தடம் மட்டும் மலையை ஒட்டி மைல் கணக்கில் கிடந்தது. ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால் செங்குத்து ஏற்றமே கிடையாது. ஞாயிறு தோறும் சுருளிவேல் அங்கே மிதித்தான். காலில் அட்டை ஏறும், உப்பையும் புகையிலையையும் தேய்த்து உதறுவான். வரையாடுகள் பாறைமேல் நின்று, இவன் எப்போது விழுவான் என்று பார்க்கும். சில நாள் விழவும் செய்தான். ஒருமுறை வளைவு திரும்பியதும் தடத்தின் நடுவே கொம்பன் யானை. சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினான். "அதுக்கு எறங்குனேன். அது கேக்காமலே எறங்குனேன்," என்று குருவம்மாளிடம் வந்து சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்தது.

பாதையின் ஓரிடத்தில் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கண்ணுக்கு எட்டாத பள்ளம். நடுவே நான்கடி தடம். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் சுருளிவேல் அதில் பாதி தூரம் வந்தபோது எதிரே குதிரையில் துரை. வேட்டைக்குப் போய்த் திரும்புகிறார். குதிரை சைக்கிளைப் பார்த்ததும் காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது. கல் உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

"இறங்கு!" என்று துரை கத்தினார். அவருக்கு நன்றாகத் தெரிந்த தமிழ் வார்த்தை அது.

சுருளிவேல் இறங்கவில்லை. இடது கையைப் பாறையில் ஊன்றி, மிதியில் வைத்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். "இது எஸ்டேட் ரோடு இல்ல தொர. நான் அசைஞ்சா குதிர இன்னும் மெரளும். நீங்க எறங்கிப் புடிங்க."

துரை ஒரு நிமிஷம் பார்த்தார். குதிரை இன்னொரு அடி பின்னால் வைத்தது. அவர் இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் குதிரையின் கண்ணை மறைத்துப் பிடித்துக்கொண்டு, பள்ளத்து ஓரமாக, வெறுந்தலையோடு, சைக்கிளில் உட்கார்ந்திருந்த ஃபிட்டரைக் கடந்து நடந்தார். சுருளிவேல் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பிரேக் பிடித்த கையிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினான்.

அன்று சாயங்காலமே சங்கையா கங்காணி, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலுக்கு வந்தார். "ஏலே சுருளி, தொர நல்ல மனசுலதான் சொல்லிவிட்டிருக்காரு. நாளைக்குப் பெரட்டுக்களத்துக்கு நீ சைக்கிள்லயே வா. எல்லாரும் பாக்க அவரு முன்னால எறங்கு. ஒரு சலாம் வை. அம்புட்டுத்தான். ஒன் வேல ஒனக்கு."

"எறங்காட்டி?"

"நாளைக்கே லயத்தக் காலி பண்ணணும். இந்த மலையில எந்த எஸ்டேட்டும் ஒன்ன வாசப்படி ஏத்தாது."

கங்காணி போனதும் குருவம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் அழவில்லை. "கீழ போயி என்னத்தத் திங்கிறது? நான் பட்டினி கெடந்து வளந்தவ மச்சான். எங்காத்தா புளியங்கொட்டைய அவிச்சுக் குடுப்பா. திரும்ப அங்க போகச் சொல்றீங்களா? ஒரு தரம் எறங்குங்க. எனக்காக எறங்குங்க."

துரைக்காகத் தான் செய்யாததை இவளுக்காகச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று அவனுக்கு மனம் கசந்தது. ஆனாலும் அவளைத் திரும்பப் புளியங்கொட்டைக்கு அனுப்ப மனசு வரவில்லை. "சரி," என்றான்.

காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் இருநூறு பேர் கூடையும் கத்தியுமாக நின்றார்கள். துரை நடுவில் நின்றார், சங்கையா அவருக்கு ஓரடி பின்னால். சுருளிவேல் மேட்டிலிருந்து மெதுவாக மிதித்து வந்தான். துரைக்கு நாலடி முன்னால் பிரேக்கைப் பிடித்தான். சைக்கிள் நின்றது. வலது கால் மிதியை விட்டு மெல்லத் தரையைத் தேடிப் போயிற்று.

"எறங்காதீங்க மச்சான்!"

கூட்டத்தில் எல்லோரும் திரும்பினார்கள். குருவம்மாள் முதுகுக் கூடையைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு ஓடிவந்தாள். அவன் கால் நடுவழியில் நின்றது. சாயப் போன சைக்கிளை அவள் தாங்கிப் பிடித்து, யாரையும் பார்க்காமல் பின்னால் ஏறி, இரண்டு கையாலும் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மிதிங்க," என்றாள்.

சுருளிவேல் மிதித்தான். சைக்கிள் துரையின் பூட்ஸை உரசாத குறையாக வளைந்து, சங்கையா துள்ளி விலக, களத்தைத் தாண்டி எஸ்டேட் ரோட்டின் நட்ட நடுவில் இறங்கியது. பின்னால் யாரோ கத்தினார்கள். பங்களா, ஃபேக்டரி, அவர்கள் லயம், எல்லாம் வேகமாகப் பின்னால் போயின. சட்டி பானை, பாய், மாற்றுச் சேலை எல்லாம் லயத்துக்குள்ளேயே கிடந்தன. எல்லைக் கல்லைத் தாண்டிக் காட்டுத் தடத்தில் சேர்ந்த பிறகுதான் சுருளிவேல் மிதிப்பதை மெதுவாக்கினான்.

"நீதான எறங்கச் சொன்ன?" என்று அவன் கேட்டான். மூச்சு வாங்கியது.

"சொன்னேன். சோத்துக்காக எறங்கச் சொன்னேன்." அவள் பிடி தளரவில்லை. "நீங்க கால ஊனப் போறப்ப அந்தத் தொர சிரிச்சான் மச்சான். நான் பாத்துட்டேன். அந்தச் சிரிப்பப் பாத்த பெறகு இனி அவன் குடுக்குற சோறு எனக்கு எறங்குமா?"