விமானத்தின் மூக்கில் ஒரு பறவை: கோதண்டம் அண்ணன் நினைவாக

செவ்வாய்க்கிழமை காலை, நான் கொரட்டூரில் ஏறிய ரயில் பட்டரவாக்கம் வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. கோதண்டம் அண்ணனின் மனைவி சுலோச்சனா அண்ணிதான் போனில் பேசினார். “அவுரு பூட்டாரும்மா. காபி கேட்டாரு, கொண்டாந்து வெச்சேன். குடிக்கவே இல்ல.” அம்பத்தூரில் இறங்க வேண்டியவள் நான், பட்டரவாக்கத்திலேயே இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, ஆட்டோ பிடித்துக் கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பலரால் அன்று வர முடியவில்லை. வேலை நாள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. வந்தவர்களும் வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசவில்லை. அந்தக் குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நாங்கள் பழைய போர் விமானங்களின் சின்ன மாதிரிகளைப் பிளாஸ்டிக் துண்டுகளிலிருந்து ஒட்டிச் செய்கிற கூட்டம். கோதண்டம் அண்ணன் ஒரு விமானம்கூடச் செய்தவரில்லை. பசை பட்டால் கை அரிக்கிறது என்பார். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது விமானத்தின் மேல் எழுதியிருந்தது மட்டும்தான். எந்த எண், எந்த எழுத்து, வட்டச் சின்னம் எவ்வளவு பெரிது, மூக்குப் பகுதியில் வீரர்கள் ஆசைக்கு என்ன படம் வரைந்துவைத்தார்கள், அது என்ன நிறம். பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் பெயர் எழுதியவர். அந்தக் கண்ணோடுதான் பழைய போட்டோக்களைப் பார்த்தார். “ஒர்த்தன் கையால எய்துன நம்பருக்கு ஒரு மூஞ்சி கீதும்மா. நீ மூஞ்சிய பாக்காம சட்டைய பாத்துகினு கீற” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

முதலில் சந்தித்ததே சண்டையில்தான். ஆவடியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் கண்காட்சி. நான் செய்த போர் விமானத்தின் முன்னால் ஒரு மனிதர் கால் மணி நேரம் குனிந்து நின்றார். பாராட்டப் போகிறார் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். “இந்த நம்பரு உனக்கு யாரு குடுத்தது?” என்றார். பெட்டிக்குள் ஒட்டுப்படமாக வந்தது என்றேன். “பொட்டில வந்தா நெஜமாய்டுமா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பதே வேலையாக இருப்பவள் நான். என்னிடமே ஒருவர் தப்பு கண்டுபிடிப்பதா? அடுத்த வாரம் நாலு போட்டோக்களோடு வந்தார். நாலிலும் அந்த எண் வேறு மாதிரிதான் இருந்தது. தப்பை ஒப்புக்கொண்டேன்.

அதன்பிறகு நான் செய்வதும் அவர் தேடுவதுமாக ஒரு கூட்டு அமைந்தது. ஆபீஸில் தலை போகிற மீட்டிங் நடக்கும்போது போன் வரும். “ஏம்மா, ஏழுக்கு நடுவுல கோடு கீதான்னு சொல்லு, வெச்சிட்றேன்.” கோடு இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லும்வரை வைக்கமாட்டார்.

ஒவ்வொரு மாதிரியின் பக்கத்திலும் ஒரு அட்டை வைக்கும் பழக்கம் அவர் கொண்டுவந்ததுதான். இடப்பக்கம் ‘தெரிந்தது’, வலப்பக்கம் ‘ஊகம்’. நமக்கு உறுதியாகத் தெரிந்தது எது, நாமாக நினைத்துக்கொண்டது எது என்று பார்க்க வருகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பார். வலப்பக்கத்தைக் காலியாக விட்டு யாராவது பெருமையாக அட்டை வைத்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இனி மரகதம் அம்மாள் விஷயம். இது உங்களில் சிலருக்குப் பாதிதான் தெரியும்.

மரகதம் அம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. பூந்தமல்லியில் மகன் சேகரோடு இருக்கிறார். மறைந்த அவர் கணவர் விமானப்படையில் ஃபிட்டர். டகோட்டா என்ற இரட்டை இன்ஜின் சரக்கு விமானத்தைப் பராமரித்தவர். அதன் மூக்கில் அவர் தன் கையால் ஒரு பறவை வரைந்தார் என்று அம்மாள் சொல்வார். வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. “அம்மாக்கு இப்பல்லாம் ஞாபகம் தடுமாறுது சார்” என்று சேகர் எங்களிடம் தனியாகச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, சலித்துப்போன மனிதர். அம்மாளிடம் இரண்டு கறுப்பு வெள்ளை போட்டோக்கள் இருந்தன. ஒன்றில் கணவர் பிரஷ்ஷோடு ஏணியில் நிற்க, அவர் தோளுக்குப் பின்னால் நீண்ட வாலோடு கறுப்பாக ஒரு பறவை. இன்னொன்றில் வால் பக்கத்து வட்டச் சின்னத்தருகே சும்மா நிற்கிறார். அந்த விமானத்தை அப்படியே செய்துதர முடியுமா என்று கேட்டார்.

அண்ணன் மூன்று வாரம் அந்த முதல் போட்டோவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். வால் நீளம், அலகு வளைவு, முழுக் கறுப்பு. குயில் என்று முடிவு செய்தார். அட்டையில் ‘தெரிந்தது’ பக்கத்தில், தன் அழகான கையெழுத்தில் ‘குயில், கறுப்பு’ என்று எழுதினார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நான் குயில் வரைந்தேன். கொண்டுபோய்க் கொடுத்தோம். அம்மாள் நெடுநேரம் பார்த்தார். “நல்லாகீதுப்பா” என்றார். கண் கலங்கியது. பேரப்பிள்ளைகள் போட்டோ எடுத்தார்கள். கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

எட்டு மாதம் கழித்து வேறு ஒரு விமானத்துக்கு வட்டச் சின்னத்தின் அளவு தேவைப்பட்டது. அப்போதுதான் அந்த இரண்டாவது போட்டோவின் பிரதியை அண்ணன் எடுத்துப் பார்த்தார். பறவை இல்லாத படம் என்று அதுவரை ஒதுக்கி வைத்திருந்தார். சின்னத்தின் வெளி வளையம் காவி நிறம். போட்டோவில் அது டயரைப் போலக் கறுப்பாக இருந்தது. அந்தக் காலத்து பிலிமில் ஒரு வகைக்குச் சிவப்பும் காவியும் தெரியாது, கறுப்பாகத்தான் விழும். இந்தப் பாடத்தை எங்களுக்கு எடுத்தவரே அவர்தான். இரண்டு படமும் ஒரே ரோலில் எடுத்தவை. அப்படியானால் அந்தப் பறவை முழுக் கறுப்பு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

என்னை வீட்டுக்கு வரச்சொல்லிக் காட்டினார். “விட்ருங்கண்ணே. அந்தம்மா சந்தோஷமா இருக்காங்க. இப்பப் போயி தப்புன்னு சொன்னா அவங்க பையன் எல்லாமே கட்டுக்கதைம்பான்” என்றேன். இன்றும் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். அவர் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “சந்தோஷம் அவுங்களுது. தப்பு என்னுது. என்னுத நான் எத்துகினு வர்றேன்.”

மறுநாளே பஸ் ஏறிவிட்டார். மனசு கேட்காமல் நானும் போனேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் வண்டி ஊர்ந்தது. அம்மாளின் முன்னால் நாற்காலியில்கூட உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். “அம்மா, நான் தப்பு பண்ட்டேன். அது குயில்னு எய்திட்டேன். குயிலா இல்லாமகூட இருக்கலாம்.”

மரகதம் அம்மாள் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “செம்போத்துதானே?”

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அவுரு வேலைக்கி சேந்த புதுசுல ஒருநாளு எங்களயெல்லாம் இட்டும்போயி காட்னாங்க. கிட்ட நின்னு பாத்தேன். ஒடம்பு கறுப்பு, ரெக்க ரெண்டும் செங்கல்லு கலரு. செம்போத்து பாத்துட்டு கெளம்புனா போன காரியம் நல்லா முடியும்னு எங்கூட்ல சொல்லுவாங்க. அதான் வரைஞ்சாரு.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன் நான்.

“நீங்க படிச்சவங்க, எய்தி அட்டை போட்டு கொண்டாந்துட்டீங்க. எனக்குத்தான் மறந்துபூச்சோன்னு நெனச்சிகினேன்.”

அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தன் மேலேயே சந்தேகம் வரும்படி ஒரு வயதான பெண்ணை எட்டு மாதம் விட்டுவைத்தோம் என்பது எனக்கும் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அண்ணன் பையிலிருந்து நோட்டை எடுத்தார். “நீங்க சொல்லுங்கம்மா, நான் எய்திக்கிறேன்” என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு மாணவனைப் போல எழுதினார். அன்று அவர் எழுதியது ஆறு பக்கம். பறவையைத் திருத்தித் தருகிறோம் என்று விமானத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

அதற்கப்புறம் அண்ணன் தினமும் காலையில் கொரட்டூர் ஏரிக்கரைக்கு வந்தார், கையில் பெயின்ட் பூசிய நிறப் பட்டைகளோடு. செம்போத்து வெயிலில் இறங்கி நடக்கும்போது தூரத்திலிருந்தே அதன் இறக்கைக்கு நேராகப் பட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நடைப்பயிற்சிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ‘ஏரியில் ஒருத்தர் பறவைக்குப் பெயின்ட் அடிக்கப் போறார்’ என்று எங்கள் ஃப்ளாட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டதைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டையில் பேனாவால் வட்டம் போட்டு என்னிடம் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், விமானத்தின் மூக்கில் இருந்த பறவையின் இறக்கைக்கு அந்த நிறத்தைத் தீட்டினேன். காய்ந்ததும் நேராகப் பூந்தமல்லிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் போன செய்தியைச் சொன்னேன். அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு விமானத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிய அட்டையை சேகர்தான் உரக்கப் படித்தார். அண்ணன் எழுதிவைத்திருந்தது: ‘தெரிந்தது: செம்போத்து, இறக்கை செங்கல் நிறம். நேரில் கண்டு சொன்னவர்: மரகதம் அம்மாள்.’ படித்து முடித்த சேகர் தரையில் அம்மாவின் காலருகே உட்கார்ந்து, “ஏம்மா, ப்ளேன் உள்ளயும் ஏறிப் பாத்தியா?” என்று கேட்டார்.

அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். நான் புறப்படும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார், சேகர் எழுந்திருக்கவில்லை.

அண்ணனின் கோப்புகள், போட்டோக்கள், நிறப் பட்டைகள் எல்லாம் நம் கூட்டத்துக்குப் பொது. அண்ணி அப்படித்தான் சொல்லியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, தான் எழுதியது தப்பு என்று சொல்ல பஸ் ஏறிப் போன அந்த மனுஷனின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன அந்த ஒரு மணி நேரம்.