பிரேக் பிடிக்காத மொபெட்

என் அம்மா பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வாள். மூக்கடியில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் ஒரு பை, முன் சீட்டுக் கம்பியில் நெற்றி. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை உள்ள அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் அவள் அப்படித்தான் கடந்திருக்கிறாள். அதுவும் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எப்போதாவது ஒருமுறை. செம்மநத்தத்தில் பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஆனால் மலைப்பாதையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வாந்தி மட்டும்தான்.

அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மத்தியானச் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில் கை கழுவிக்கொண்டு ஆபீஸ் மேஜை முன்னால் உட்கார்ந்துவிடுவார். சாப்பாடு வரத் தாமதமானால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

அம்மா நடந்து கொண்டுபோனால் ரசம் ஆறிவிடுகிறது என்பதால்தான் அப்பா அவளுக்கு மொபெட் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். காப்பி உலர்த்தும் களத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டியே பழகினாள். வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரே இறக்கம். எங்கள் பக்கம் இறக்கத்தில் யாரும் இன்ஜினைப் போட மாட்டார்கள். உருட்டிவிட்டால் வண்டி தானாகப் போகும். திரும்பி வீடு வரை ஏறுவதற்கான பெட்ரோலை மட்டும் அப்பா டேங்கில் விட்டுவைத்திருப்பார்.

அந்தக் கோடையில் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்குவாள். அலமாரியில் டப்பாக்களை இடம் மாற்றுவாள், சாயங்காலத்துக்குள் பழையபடி வைத்துவிடுவாள். "இன்னைக்கும் பீன்ஸ்தானா" என்று சலித்துக்கொள்வாள். சமைப்பது அவள்தான். பரீட்சை லீவில் இருந்த எனக்கும் வீடு கடித்தது. அதனால் சாப்பாட்டு வேளைக்கு நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன்.

அன்றும் அப்படித்தான் போனோம். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர், பின்னால் நான். ஆபீஸ் கேட் வந்தது. அதைத் தாண்டினால் சேலம் போகிற மலைரோடு. வண்டி கேட்டைத் தாண்டிப் போனது.

"கண்ணு, பிரேக் புடிக்கல," என்றாள் அம்மா. உலையில் அரிசி போட்டாச்சு என்று சொல்கிற அதே குரலில்.

"ஐயோ, இப்ப என்னங்கம்மா பண்றது?"

"என்ன பண்றது, போற வரைக்கும் போலாம். கெட்டியாப் புடிச்சுக்க."

முதல் வளைவில் நான் அலறினேன். ஆனால் அங்கே பிரேக் நன்றாகவே பிடித்தது. அடுத்த வளைவிலும் பிடித்தது. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு ரேடியோவும் அப்படித்தான், நினைத்தால் பாடும், நினைத்தால் பாடாது.

இன்ஜின் சத்தமே இல்லை. காற்றும் டயர் உரசலும்தான். அம்மா கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தாள்.

"அறுபதடிப் பாலம் இதானா? இதுமேலயா சாமி நாம போய்ட்டு வந்துட்டிருந்தோம்!" என்று கத்தினாள். குரங்குக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். கீழே பள்ளத்தாக்கையும் அதற்கப்பால் வெயிலில் மங்கிக் கிடந்த சேலத்தையும் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தாள். பிறகு ஏதோ ஒரு பாட்டை முனக ஆரம்பித்தாள்.

வளைவுக்கு வளைவு கேரியர் கம்பியில் இடித்தது. அப்பா கை கழுவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்.

"அப்பா இனிமே உங்களுக்கு வண்டியே தர மாட்டாங்கம்மா," என்றேன்.

அம்மா அடுத்த வளைவைத் திரும்பி முடித்தாள். அப்புறம், "தர மாட்டாங்கன்னா இன்னைக்கே எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்க," என்றாள்.

அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் வண்டி தானாகவே நின்றது. பசி தாங்கவில்லை. அம்மா கேரியரைப் பிரித்தாள். அப்பாவுக்கு முன்னால் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, "சூடா இருந்தா நொம்ப நல்லாத்தான் இருக்குது," என்றாள், யாரோ வைத்த ரசத்தைச் சொல்வதுபோல.

மலையேற டேங்கில் பெட்ரோல் இல்லை. உர மூட்டை ஏற்றிவந்த லாரியை அம்மா கைகாட்டி நிறுத்தினாள்.

"வண்டிக்கு என்னாச்சுங்க?" என்றார் டிரைவர்.

"பிரேக் புடிக்கலைங்க."

"பிரேக் இல்லாமயா இத்தன வளவும் எறங்கி வந்தீங்க?" அவர் அம்மாவை, வண்டியை, என்னை வரிசையாகப் பார்த்தார். "சேர்வராயன் சாமிதானுங்க காப்பாத்தியிருக்கோணும்," என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொபெட்டைத் தூக்கி மேலே வைத்தார்.

ஆபீஸ் கேட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தேடுவதற்கு ஜீப்பை அனுப்பியிருந்தாராம். அவர் முகம் வெளிறியிருந்தது. எங்கள் கை கால்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கேரியரைத் திறந்து ஒவ்வொரு அடுக்காக எடுத்துப் பார்த்தார். எல்லாம் காலி.

"பிரேக் புடிக்கலைங்கப்பா," என்று நான் முந்திக்கொண்டேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கை மட்டும் ஹேண்டில்பாரை விடவில்லை.

மறுநாள் காலையில் அப்பா என்னையும் வண்டியையும் டவுனில் இருந்த மெக்கானிக்கிடம் அழைத்துப் போனார். மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றினார், பிரேக்கைப் பிடித்தார், மறுபடி சுழற்றினார்.

"ஒரு கொறையும் இல்லீங்க. நில்லுன்னா நிக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான்தான் கூட இருந்தேன்! ஆபீஸ்கிட்ட புடிக்கவே இல்ல!"

அப்பா என்னையே பார்த்தார். "உங்கம்மா வழியில வாந்தி எடுத்தாளா கண்ணு?"

"இல்லீங்கப்பா. பாட்டுப் பாடுனாங்க."

அப்பா பிடரியைச் சொறிந்துகொண்டார். நேராகப் போய் டேங்க் வழிகிற அளவுக்குப் பெட்ரோல் போட்டார். வீட்டுக்கு வந்ததும், "அந்த மெக்கானிக்குக்கு ஒண்ணுந் தெரியல அம்மிணி. பிரேக் கெட்டுத்தான் இருக்குது. எப்ப வேணா புடிக்காமப் போவும்போல. பாத்து ஓட்டு," என்றார். அப்பா எங்கள் பக்கம் நின்றதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கு பீன்ஸ் இல்லை.

அந்த வாரமே பிரேக் மறுபடியும் கெட்டது. நல்லவேளையாக அம்மா அன்று எங்கள் இருவருக்கும் தனியாகச் சோறு கட்டி எடுத்து வந்திருந்தாள். கேட் நெருங்கும்போது பார்த்தேன், அப்பா ரோட்டோரமாக வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். கழுவிய கையில் இன்னும் தண்ணீர் சொட்டியது. வண்டி அவர் பக்கத்தில் போனபோது எட்டிக் கேரியரைக் கழற்றிக்கொண்டு, "பாத்துப் போ அம்மிணி," என்றார். நாங்கள் மலைரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

ஓடுகிற வண்டியிலிருந்து, அதுவும் பிரேக்கே பிடிக்காத வண்டியிலிருந்து, ஒரு சொட்டு ரசம் சிந்தாமல் கேரியரை எடுக்க எங்கள் அப்பா ஒருத்தரால்தான் முடியும் என்று, பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.